நூற்று முப்பது, எண்பது

சாவு நடந்த வீட்டுக்குக் கேள்வித்தாளோடு போய் உட்காருவதைவிடச் சங்கடமான வேலை வேறு இருக்குமா என்று மேகலாவுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று வீடு ஆகிவிட்டது. நான்காவது வீட்டை அவள் வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்திருந்தாள். வெயில் ஏறிவிட்டது, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை. டாக்டர் பெனாசிரோ வேப்பமரத்தடியில் நின்று பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அடுத்தது யாரு வூடு?" என்றார்.

"கொளஞ்சியப்பன் வூடுங்க டாக்டர்."

சொல்லிவிட்டு வெயிலை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள்.

பெனாசிர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். சின்னப் பெண், முப்பது வயதுதான் இருக்கும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே திடீரென்று செத்துப்போனவர்களின் கணக்கை எடுத்துக்கொண்டிருந்தார். என்ன வயது, என்ன பழக்கம், எந்த நேரம், எந்த இடம், கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன சொன்னார், என்ன குடித்தார் என்று பதினோரு பக்கக் கேள்வி. எதற்கு இந்த வேலை என்று முதல் நாள் மேகலா கேட்டதற்கு, "எங்க அத்தா துபாய்ல ரூமுல படுத்தவங்க எந்திரிக்கல. ஏன்னு கேக்கறதுக்குக்கூட பக்கத்துல ஆளில்ல" என்று தன் அப்பாவைப் பற்றி அவ்வளவு மட்டும் சொன்னார்.

மேகலாவுக்குச் சுகாதாரத் துறை வேலை. இந்த ஊரும் பக்கத்து ஊரில் இரண்டு தெருவும் அவள் பொறுப்பு. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள், அட்டையில் எழுதுவாள். யார் ஊறுகாயை விட்டார்கள், யார் விட்டதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு உள்ளே போய் நக்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால்தான் டாக்டருக்கு வழிகாட்ட அவளை அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்குப் பார்த்த மூன்று வீட்டிலும் செத்தவர்கள் மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்கள். வாயு. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர் ஸ்டீயரிங்கில் சாய்வதற்கு முன்னால் கிளீனரிடம் சொன்னது அதுதான். டீக்கடைக்காரர் பாய்லரைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதுதான். நெஞ்சைப் பிடித்தால் வாயு, தோள் கடுத்தால் வாயு, குப்பென்று வேர்த்தால் வாயு. சோடா குடித்தார்கள், ஓமத்தண்ணீர் குடித்தார்கள், பூண்டைச் சுட்டுத் தின்றார்கள், செத்துப்போனார்கள். வாயு மட்டும் ஒரு ஆளாக இருந்திருந்தால் இந்த இரண்டு மாவட்டத்துப் பெண்களும் சேர்ந்து அவனைச் செருப்பாலேயே அடித்திருப்பார்கள்.

கொளஞ்சியப்பன் வீட்டு வாசலில் மக்காச்சோளச் சக்கை இன்னும் குவிந்து கிடந்தது. அவன் இருந்திருந்தால் இத்தனை நாள் கிடக்க விட்டிருக்க மாட்டான். உள்ளே சுவரில் அவன் படம், மாலை வாடியிருந்தது. அதற்குக் கீழே மகள் லாவண்யா சேலைத் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். தூளியில் ஒரு மாதக் குழந்தை. தாத்தா செத்து இருபதாம் நாள் பிறந்தது.

"வா மேகலா, வாங்க டாக்டரம்மா" என்று பாப்பாத்தி பாயை விரித்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதுதான். இரண்டு மாதத்தில் ஐந்தாறு வயது கூடின மாதிரி இருந்தாள். மேகலாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள்: "இவ எனக்குக் கூடப் பொறக்காத தங்கச்சிங்க. அவரு போனன்னிக்கு இவ அழுத அழுகைய இந்தத் தெருவே சொல்லும்."

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். அழுதது நிஜம். எதற்காக அத்தனை சத்தமாக அழுதாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் மெதுவாக ஆரம்பித்தார். அவசரப்படுத்தவில்லை. வயது நாற்பத்தொன்பது. தொழில் விவசாயம், இரண்டு ஏக்கர் மானாவாரி, மக்காச்சோளமும் பருத்தியும். குடி உண்டா? பொங்கலுக்கு மட்டும். பீடி? பாப்பாத்தி லேசாகச் சிரித்தாள். "அது இல்லன்னா அவருக்கு வெளிக்கே போவாதுங்க." ஒரு நாளைக்கு எத்தனை? ஒரு கட்டு. சில நாள் ஒன்றரை.

"அவங்க அப்பா இருக்காங்களா?"

"எங்க மாமனாரா? அவரும் இப்படித்தான் போயிட்டாரு. களத்துல ஒக்காந்திருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. அம்பத்தி ரெண்டு வயசு. படுக்கையில கெடக்கல, யாருக்கும் தொந்தரவு குடுக்கல, குடுத்து வெச்ச சாவுன்னு ஊரே சொல்லுச்சு. துக்கம் கேக்க வர்றவங்க இவரையும் அப்படித்தான் சொல்றாங்க."

பெனாசிரின் பேனா அந்த இடத்தில் ஒரு நொடி நின்று பிறகு எழுதியது. காலையில் லாரிக்காரர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு அப்பா இருந்தார். அங்கேயும் குடுத்து வைத்த சாவுதான்.

"பிரஷர், சுகர் ஏதாவது இருந்துச்சாம்மா?"

மேகலா இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

"எனக்குத்தாங்க பிரஷரு. மாத்திர போடுறேன், இவதான் குடுக்கறா. அவருக்கு ஒன்னும் கெடையாது. இருங்க, காட்டுறேன்." பாப்பாத்தி எழுந்து போய் சாமி மாடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், கடைசியில் ஒரு மஞ்சள் அட்டை. அட்டையை இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டினாள். "பாருங்க. நூத்தி முப்பது, எம்பது. நம்ம மேகலா எழுதுனதுதான்."

டாக்டர் பார்த்தார். கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு தேதி, அதற்கு எதிரே 130/80. மேகலாவின் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து.

அந்தக் கார்த்திகை நாளில் பாப்பாத்தி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கொளஞ்சியப்பன் கொட்டகையில் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினான். மிஷின் உறுமி ஓய்ந்து காட்டிய எண்ணைப் பார்த்து மேகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து மறுபடி பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பதினாறு.

"என்னா புள்ள, மிஷினு கெட்டுப்போச்சா?"

"மிஷினு நல்லாத்தான் இருக்கு மாமா. நீங்கதான் கெட்டுப்போயிருக்கீங்க. இது உசுருக்கே ஆபத்து. சட்டைய மாட்டுங்க, இப்பவே பெரம்பலூருக்குப் போவோம்."

அவன் சிரித்தான். அவள் அட்டையில் எழுதப் பேனாவை எடுத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அட்டையின் மேல் கையை வைத்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை, அட்டையே மறைந்துவிட்டது.

"அதுல எழுதாத புள்ள. லாவண்யாவுக்கு ரெண்டு தடவ தங்காம போயி இப்பதான் ஒன்னு தங்கியிருக்கு. தை பொறந்தா வளகாப்பு. எங்க அப்பன் போன மாதிரி நானும் போயிருவனோன்னு பாப்பாத்திக்கு எப்பவும் ஒரு பயம். இத பாத்தா அவ சோறு தண்ணி எறங்காம கெடப்பா, அவ மூஞ்சியப் பாத்து மவளும் கெடப்பா. வளகாப்பு முடிஞ்ச மறுநாளு நானே உன் வூட்டு வாசல்ல வந்து நிக்கறேன். சத்தியமா."

மாட்டேன் என்று மேகலா சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவள் அல்ல, ஊரில் எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் கேட்டது கொளஞ்சியப்பன். அவள் மகனுக்குக் காய்ச்சல் கண்டு இழுப்பு வந்த அன்று, கொட்டுகிற மழையில் மொபெட்டில் வைத்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். அடுத்தவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட அவனை மிஞ்ச ஆளில்லை. அந்த மனிதன் முதல்தடவையாக ஒன்று கேட்கிறான், அதுவும் மகளுக்காக. பாப்பாத்தி வந்தால் முதல் வேலையாக அட்டையைத்தான் வாங்கிப் பார்ப்பாள். அவளுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் பிரஷர் எண் தெரியும், எது நல்லது எது கெட்டது என்று மாத்திரை போட்டுப் போட்டே கற்றுக்கொண்டவள்.

மேகலா நூற்று முப்பது, எண்பது என்று எழுதினாள். ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் அதையே எழுதினாள். எழுத்து கொஞ்சமும் பிசகவில்லை, நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள். அது இப்போது அவளை அறுத்தது.

வளைகாப்பு தையில் நன்றாகவே நடந்தது. ஐந்து வகைச் சோறு, லாவண்யாவின் இரண்டு கையிலும் வளையல் போட இடமில்லை. மறுநாள் மேகலா போய் நின்றாள். "மக்காச்சோளம் களத்துக்கு வந்துருச்சு புள்ள, அள்ளிப் போட்டுட்டு வந்துடறேன்" என்றான். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். பன்னிரண்டாம் நாள் அவன் செத்துப்போனான்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமாம்மா? முடியலன்னா வேணாம்" என்றார் பெனாசிர்.

பாப்பாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்றேங்க. ஊருல எல்லாரும் சொல்றாங்க, நான் சொல்றதுக்கென்ன."

தார் ரோட்டில் பாதியை அடைத்துச் சோளம் காயப் போட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி இருக்கும், கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தை மாதத்தில் எவன் மழையை எதிர்பார்த்தான்? தெருவே ஓடிவந்து அவரவர் சோளத்தை அள்ளியது. பாப்பாத்தி அள்ளி மூட்டை பிடிக்க, அவன் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் அடுக்க வேண்டும். இரண்டு மூட்டை தூக்கியவன் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு மாதிரி வருது பாப்பாத்தி, வாயு போல இருக்குன்னாரு. ரெண்டு மூனு நாளாவே அசதி அசதின்னுதாங்க சொல்லிக்கிட்டிருந்தாரு. மேகம் மேல மேல வருது. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. எனக்கு நூத்தி அம்பது, நானே குனிஞ்சு அள்ளுறேன். ஒனக்கு நூத்தி முப்பதுதான, ஒனக்கென்னய்யா கேடு, மூட்டயப் பாத்தா மட்டும் வாயு வந்துருமான்னு கேட்டேன். தெருவே நிக்கிது. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு."

தூளி ஆடுவது நின்றிருந்தது. லாவண்யா அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சு வந்து தூக்குனாரு. ஒன்னு கொண்டுபோய் வெச்சாரு. அடுத்ததத் தூக்கித் தலையில வெச்சவரு அப்படியே மூட்டையோட சோளத்து மேல விழுந்துட்டாரு. சோடா வாங்கியாரச் சொன்னேன். நூத்தியெட்டுக்கு போன் போட்டாங்க. வண்டி வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. மழையும் வரல டாக்டரம்மா. நாலு தூத்தல் போட்டுட்டுப் போயிருச்சு."

பெனாசிர் நேரம், இடம், வேலை என்று மூன்று கட்டத்தில் குறித்தார். முன்பே ரத்த அழுத்தம் இருந்ததா என்ற கேள்விக்குப் போய், அட்டையை மறுபடி ஒருதரம் பார்த்துவிட்டு, 'இல்லை' என்பதில் டிக் அடித்தார். மேகலா அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தோடு முடிந்தது, எழுந்து போய்விடலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சுவரில் மாலையோடு இருக்கிறான். தெரிந்தால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, இந்தத் தெருவில் இனி எந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கும்?

டாக்டர் கோப்பை மூடிக்கொண்டு எழப்போனார். பாப்பாத்தி அவர் கையைப் பிடித்தாள்.

"நான் ஒன்னு கேக்கணும். பொய் சொல்லாம சொல்லுங்க. பொண்டாட்டி வாயால ஒரு மனுசன் சாவானா?"

"என்னம்மா இது?"

"ஊருல அப்படித்தான் சொல்றாங்க. கல்லு மாதிரி இருந்த மனுசன், ஒரு சீக்கு இல்ல, அட்டையிலயே எழுதியிருக்கு. நடுத் தெருவுல வெச்சு மானத்த வாங்குனா, அந்த ரோசத்துல நெஞ்சு வெடிச்சிருச்சுன்னு எங்க நாத்தனா கருமாதியில வெச்சே சொல்லிட்டா. பாதிப் பேரு என்னச் சொல்றாங்க, மீதிப் பேரு இந்தப் பச்சப் புள்ளயச் சொல்றாங்க, தாத்தன முழுங்கிட்டுப் பொறந்துச்சுன்னு. புள்ள மேல பழி வேணாம், அது என்னோடவே இருக்கட்டும். எனக்கு மட்டும் உள்ளதச் சொல்லுங்க."

பெனாசிர் தவித்துப்போனார். ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிட்டுப் போகிற ரகம் இல்லை அவர். "திட்டுனதால மட்டும் யாரும் சாக மாட்டாங்கம்மா. உள்ளுக்குள்ள முன்னாடியே ஏதாவது இருந்திருக்கணும். பீடி இருக்கு, அவங்க அப்பா போன விதம் இருக்கு..." என்று இழுத்தார். "பிரஷர் மட்டும் ஏறியிருந்துச்சுன்னா நான் அடிச்சுச் சொல்லிருவேன். அது சரியாத்தான் இருந்திருக்கு."

"அப்ப நான்தான்" என்றாள் பாப்பாத்தி. அழவில்லை. எத்தனையோ நாளாகத் தெரிந்த விஷயத்தை டாக்டரும் சொல்லிவிட்டார் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

மேகலாவால் அதற்குமேல் முடியவில்லை.

"சரியா இல்லக்கா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "மாமாவுக்குச் சரியா இல்ல. நூத்தித் தொண்ணூறு இருந்துச்சு. கீழ நூத்திப் பதினாறு. ரெண்டு தடவ பாத்தேன். நான்தான் அட்டையில பொய்யா எழுதுனேன்."

லாவண்யா எழுந்துவிட்டாள். "என்னாது?"

மேகலா எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகையில் கட்டிலில் உட்கார்ந்தது, அட்டை மேல் கையை வைத்தது, வளைகாப்பு, சத்தியம், சோளம் அள்ளி முடியட்டும் என்றது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பாப்பாத்தி அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. லாவண்யா சுவரில் சாய்ந்து, "எனக்காகவா? என் வளகாப்புக்காகவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாள். தூளியில் குழந்தையும் அழ ஆரம்பித்தது. யாரும் அதைத் தூக்கவில்லை. கடைசியில் டாக்டர்தான் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பாப்பாத்தி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்கு அந்த நம்பரு தெரியுமா?" என்றாள்.

"தெரியும்க்கா. மிஷின்ல அவரும்தான் பாத்தாரு."

"இது கெட்ட நம்பருன்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா. உசுருக்கு ஆபத்துன்னு சொன்னேன்."

"எல்லாம் தெரிஞ்சிருந்துமா நான் சொன்னேன்னு எந்திரிச்சு வந்து மூட்டயத் தூக்குனாரு?"

மேகலா இதை யோசித்ததில்லை. உண்மையைச் சொன்னால் பாப்பாத்தியின் தலைமேல் இருக்கிற பழியாவது இறங்கும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். இறங்கவில்லை. இன்னும் ஆழமாக ஓரிடத்தில் போய்க் குத்தியிருந்தது. ரோட்டில் தெருவே பார்க்க, "எனக்கு நூத்தித் தொண்ணூறுடி" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மேகலா மாட்டிக்கொள்வாள், மகள் மிரண்டுபோவாள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான்.

"ஊருக்குச் சொல்றேன்க்கா. ஒன் நாத்தனாகிட்டயும் நானே போய்ச் சொல்றேன். தப்பு என்னுதுதான். ஒன் வாயி மேல ஒன்னுமில்ல."

"சொல்லு" என்றாள் பாப்பாத்தி. "சொல்லத்தான் வேணும். இந்தப் புள்ளைக்காகவாவது சொல்லு."

பிறகு பாயில் கிடந்த அட்டையை எடுத்து மேகலாவின் மடியில் வைத்தாள்.

"எழுது."

"என்னக்கா?"

"அந்த நம்பர இதுல எழுது. அந்தத் தேதியப் போட்டு, உள்ளபடி எழுது."

மேகலா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் குழந்தையைத் தட்டிக்கொண்டே தன் பேனாவை நீட்டினார். மேகலா தான் எழுதியிருந்த எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 190/116 என்று எழுதினாள். இந்தத் தடவை கையெழுத்து குண்டாக வரவில்லை, ஒன்பது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. செத்தவனுக்கு எழுதுகிற பிரஷர், யாருக்கும் மாத்திரை கொடுக்க உதவாது. டாக்டரும் கோப்பைத் திறந்து 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்பதில் டிக் போட்டார்.

பாப்பாத்தி அட்டையை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்று, ஒன்பது, சுழி.

"இத மட்டும் அன்னிக்குப் பாத்திருந்தா, அந்த மூட்டைய நான் தூக்கியிருப்பேன்டி மேகலா" என்றாள்.